ஐரோப்பாவில் வாடகைக் கார்: ஒப்பந்தத்தில் எந்தெந்த நாடு இருக்கிறது?

மியூனிக்கில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, சால்ஸ்பர்க், பிளெட் ஏரி, குரோஷியக் கடற்கரை, வெனிஸ் என்று பத்து நாளில் நான்கைந்து நாடுகளைச் சுற்றிவருவது இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்களும் போடும் பயணத் திட்டம். ஒரே ஷெங்கன் விசா போதும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா, பல்கேரியா நாடுகளின் தரைவழி எல்லைகளும் திறந்துவிட்டன. பல இடங்களில் நாடு மாறியதே ஒரு நீலப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் வாடகைக் கார் ஒப்பந்தம் விசாவைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. கார் எந்த நாட்டில் பதிவானது, எந்த நாடுகளுக்குள் போகலாம், எங்கே திருப்பித் தர வேண்டும் என்று அது தனக்கென்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் பயண வழியைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒரே காரில் எல்லா நாடுகளையும் முடிப்பதைவிட, எல்லையை ரயிலில் கடந்து நாட்டுக்கொரு கார் எடுப்பதே பெரும்பாலான பயணங்களுக்குச் செலவும் ஆபத்தும் குறைந்த வழி என்பது என் முடிவு.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஒரு நாட்டில் எடுத்த காரை வேறொரு நாட்டில் விட்டால் ‘ஒருவழிக் கட்டணம்’ உண்டு. இதை நிறுவனத்தின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஜெர்மன் நம்பர் பிளேட் உள்ள காரை இத்தாலியில் உள்ளூர்வாசிகளுக்கு நிறுவனம் இஷ்டம்போல் வாடகைக்கு விட முடியாது. பதிவு, வரி, காப்பீடு மூன்றும் குறுக்கே நிற்கும். யாராவது அதை மியூனிக்குக்குத் திரும்ப ஓட்டிப் போக வேண்டும், அல்லது லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அந்தச் செலவு நம் தலையில் விழுகிறது. மொத்த வாடகையையே தாண்டுவதும் உண்டு. முன்பதிவுத் தளங்களில் பெரிய எழுத்தில் தெரிவது நாள் வாடகை. ஒருவழிக் கட்டணம், எல்லை தாண்டுவதற்கான கட்டணம், இரண்டாவது ஓட்டுநருக்கான கட்டணம், 25 வயதுக்குக் குறைந்தவருக்கான கூடுதல் தொகை எல்லாம் ‘கவுன்டரில் செலுத்த வேண்டியவை’ என்ற பகுதியில் கிடக்கும். அந்தப் பகுதியைத் திறந்து கூட்டிப் பார்க்காமல் இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவது வீண். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கும் ரயில் உண்டு. இறங்கிய இடத்திலேயே கார் எடுத்து அங்கேயே திருப்பித் தந்தால் ஒருவழிக் கட்டணத்துக்கே இடமில்லை.

பணத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது காப்பீடு. இதில் இரண்டு வெவ்வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நம் காரால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான மூன்றாம் தரப்புக் காப்பீடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி கட்டாயம். 2009-ஆம் ஆண்டின் வாகனக் காப்பீட்டு நெறிமுறைப்படி ஒரே பிரீமியத்தில் ஒன்றியம் முழுவதும் அது செல்லும். அதற்கு வெளியே சில நாடுகளில் ‘பச்சை அட்டை’ என்ற பன்னாட்டுக் காப்பீட்டுச் சான்று வேண்டியிருக்கும். அல்பேனியா, வடக்கு மாசிடோனியா, துருக்கி போன்ற நாடுகளுக்கு அது தேவை; கொசோவோ அந்த ஏற்பாட்டிலேயே இல்லை, எல்லையில் தனியாகக் காப்பீடு வாங்க வேண்டும். இரண்டாவது விஷயம், வாடகைக் காருக்கே ஏற்படும் சேதம். கவுன்டரில் ‘சிடிடபிள்யூ’ என்று சொல்வது கண்டிப்பாகப் பார்த்தால் காப்பீடே அல்ல. ‘சேதமானால் ஒரு தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டேன்’ என்று காரின் உரிமையாளர் தரும் வாக்கு அது. வாக்கு என்பதால் நிபந்தனைகள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் வாக்கு போச்சு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும் அப்படியே. அனுமதிக்காத நாட்டுக்குள் போனாலும் அதே கதிதான். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, கூரை, சாவித் தொலைப்பு, தவறான எரிபொருள் ஆகியவை பல ஒப்பந்தங்களில் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருக்கும்.

நாடுகளைப் பல நிறுவனங்கள் மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு மண்டலத்துக்குத் தாராளமாகப் போகலாம், இன்னொன்றுக்குக் கூடுதல் கட்டணம், மூன்றாவது மண்டலம் முற்றிலும் தடை. காரின் வகையைப் பொறுத்தும் இது மாறும். ஜெர்மனியில் எடுக்கும் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்ற விலை உயர்ந்த கார்களைக் கிழக்கு ஐரோப்பாவுக்கும் சிலசமயம் இத்தாலிக்கும் கொண்டுபோகக் கூடாது என்பது பரவலான நிபந்தனை. காரணம் திருட்டு பயம். ‘இந்த மாடல் அல்லது இதுபோன்றது’ என்றுதான் முன்பதிவு சொல்கிறது. சிறிய காருக்குப் பதிவு செய்தவருக்கு இலவசமாகப் பெரிய கார் தந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், இந்தக் கார் நான் போகும் நாடுகளுக்கெல்லாம் போகலாமா என்று கேட்டுவிட வேண்டும். பிரிட்டனில் எடுத்த காரைக் கண்டத்துக்குள் கொண்டுபோவதென்றால் ‘விஇ103’ என்ற வாடகை வாகனச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

முழுக் காப்பீடு வாங்கிவிட்டால் இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூடுதல் தொகை கட்டினால் நம் பொறுப்புத் தொகை பூஜ்யமாகும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பூஜ்யம், நிபந்தனையை மீறாதவருக்கு மட்டும். அந்தப் பொறுப்புத் தொகையை ஈடுகட்ட வெளி நிறுவனத்திடம் தனியாக வாங்கும் ‘எக்ஸஸ்’ காப்பீடும் இதிலிருந்து தப்பாது. கார் நிறுவனம் முதலில் நம் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாம் பிறகு அந்த வெளி நிறுவனத்திடம் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மீறிய பயணமாக இருந்தால் அவர்களும் கைவிரிப்பார்கள். இன்னொரு வாதம், எல்லையில் யாரும் பார்ப்பதில்லை என்பது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் மீண்டும் சோதனை நடத்தத் தொடங்கியது. அதுவே இல்லாவிட்டாலும், சுங்கச் சாலைக் கேமராக்களும் வேகக் கேமராக்களும் நம்பர் பிளேட்டைப் படிக்கின்றன, அபராதக் கடிதம் நேராகக் கார் நிறுவனத்துக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விஷயம் வெளிப்படுவது விபத்து நடந்த அன்றும் கார் பழுதாகி நின்ற அன்றும்தான். காப்பீடு தேவைப்படும் நாளும் அதுதான்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் உட்பட, விசாவில் வருவோருக்கு மட்டுமேயான ஒரு சிக்கலும் இந்தப் பாதையில் உண்டு. குரோஷியாவின் ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்குப் போகும் கடற்கரைச் சாலை நெயும் என்ற ஊரில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வரும். போஸ்னியா ஷெங்கன் வட்டத்தில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவில் வந்தவர் அந்தச் சில கிலோமீட்டரைக் கடந்தால், திரும்ப குரோஷியாவுக்குள் வர விசா இருக்காது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்த ஊரைத் தொடாமலே போகலாம். ஆனால் வழிகாட்டிச் செயலி எந்தச் சாலையைக் காட்டுகிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். மொஸ்தார் பாலத்தைப் பார்க்க ஒரு நாள் போய்வரலாம் என்று கிளம்புவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: விசா, கார் ஒப்பந்தம் இரண்டும் போஸ்னியாவை அனுமதிக்க வேண்டும்.

சாலைக் கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸ், இத்தாலி, குரோஷியாவில் சாவடியில் கட்டலாம். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்லோவேனியா, ஹங்கேரி, செக் நாடுகளில் நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே ‘விக்னெட்’ என்ற சாலைக் கட்டணச் சீட்டை வாங்கியிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஆண்டு விக்னெட் ஒன்றுதான் உண்டு, 40 பிராங்க். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதோடு விக்னெட் விலையும். ஸ்லோவேனியாவில் அபராதம் 300 யூரோவில் தொடங்குகிறது. மின்னணு விக்னெட் நம்பர் பிளேட்டோடு பிணைந்தது என்பதால், சாவி கைக்கு வந்த பிறகே வாங்க முடியும். பதிவு நாட்டின் குறியீட்டையும் எண்ணையும் ஒரு எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ் என்ற அதிகாரபூர்வ அமைப்புகளிடமே வாங்குங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ஜெனீவா விமான நிலையத்தில் இன்னொரு நுணுக்கம்: அங்கே சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் காரில் சுவிஸ் விக்னெட் இருக்காது.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். இந்திய உரிமத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் அது செல்லுபடி. பாதுகாப்புத் தொகையைப் பெரும்பாலும் முதன்மை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். மனைவி பெயரில் முன்பதிவு, கணவர் பெயரில் கார்டு என்று போனால் கவுன்டரில் கார் மறுக்கப்படலாம், கட்டிய பணமும் திரும்பாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர், நீண்ட விமானப் பயணம் முடித்த களைப்போடு வலப்பக்கச் சாலையில் அன்றே இறங்குவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிக்க மாட்டேன்.

வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் நான்கு பெட்டிகளும் இருக்கும்போது ரயில் மாறி ரயில் ஏறுவது நடக்கிற காரியமா என்ற ஆட்சேபம் வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரே கார்தான் சரி. ஆனால் எடுத்த ஊருக்கே திரும்பும் வட்டப் பாதையாக அதை அமைத்துக்கொள்ளலாம், ஒருவழிக் கட்டணம் போய்விடும். போகும் நாடுகளின் பெயர்களை முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி, கார் எடுக்கும்போது அந்தப் பெயர்களை ஒப்பந்தத் தாளிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருப்பவர் வாயால் சொல்லும் ‘பரவாயில்லை, போகலாம்’ பிறகு எதற்கும் சாட்சியாகாது.

உரிமைகள் இல்லாமல் இல்லை. மொத்த விலையையும் காப்பீட்டு விலக்குகளையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், சேதத்துக்குப் பணம் எடுக்கும் முன் வாடிக்கையாளர் அதை மறுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் அதிகாரிகளும் வலியுறுத்தியதன் பேரில், ஏவிஸ், யூரோப்கார், என்டர்பிரைஸ், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. மாற்றங்கள் நடந்திருப்பதாக 2017 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. ஒருதலைப்பட்சமான நிபந்தனை நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்ற ஒன்றியச் சட்டம் 1993 முதல் இருக்கிறது. ஆனால் இணையத்தில் வாங்கியதை 14 நாளில் காரணமின்றித் திருப்பும் உரிமை, தேதி குறித்த கார் வாடகைக்குக் கிடையாது. ஆகவே இலவச ரத்து வசதி உள்ள முன்பதிவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது. காரை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கரங்களும், எரிபொருள் முள்ளும், ஓடிய கிலோமீட்டரும் தெரியப் படமோ வீடியோவோ எடுத்துவைக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் சாவிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு நம்முடையது என்றே பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. விபத்தென்றால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். காரில் இருக்கும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் எல்லா மொழியிலும் ஒரே அமைப்புடையது; புரியாத கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு கார்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், முதலில் நிறுவனத்திடம் சேதத்தின் படம், பழுதுச் செலவு மதிப்பீடு, ஒப்படைப்புத் தாள் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தாமதிக்காமல் பணத்தைத் திரும்பப் பெற வங்கியில் ‘சார்ஜ்பேக்’ கோரிக்கை கொடுக்க வேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஐரோப்பிய நுகர்வோர் மையங்களின் வலையமைப்பு ஒன்றியம், ஐஸ்லாந்து, நார்வே வாசிகளுக்கானது. ஒன்றியத்தின் இணையவழித் தகராறு தீர்வுத் தளம் 2025 ஜூலை 20-இல் மூடப்பட்டுவிட்டது. நமக்கு வலுவான பிடி, இந்தியர்களுக்கு விற்ற முன்பதிவுத் தளமும் பயண முகவரும்தான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இந்தியாவில் கிளையே இல்லாத வெளிநாட்டு கவுன்டரிடமிருந்து அந்தத் தீர்ப்பை வைத்துப் பணம் வாங்குவது கடினம்; அதனால்தான் கையெழுத்துக்கு முந்தைய மின்னஞ்சலை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒப்பந்தம், விக்னெட் ரசீது, படங்கள் எதையும் உடனே அழித்துவிடாதீர்கள். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் ‘ஜெட்டிஎல்’ என்ற கட்டுப்பாட்டு வட்டம் உண்டு, அனுமதியின்றி நுழையும் காரைக் கேமரா பிடிக்கும். ஓட்டியவர் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனம் முதலில் ஒரு நிர்வாகக் கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். அது அபராதம் அல்ல. அபராதம் தனியாக வரும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது.