புது சர்வருக்குப் பூட்டு போட்டாச்சா?

முதலியார்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் நடத்துறீங்க, இல்லன்னா கடலூர் சாலையில் சின்னதா ஒரு கடை வச்சிருக்கீங்கன்னு வைத்துக்கொள்வோம். மாணவர் பட்டியல், வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் சொந்த இணையதளத்தில் வைக்க, மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் எடுக்கிறீர்கள். சர்வர் எங்கோ வெளியூரில் இருக்கும். நீங்கள் இங்கிருந்தே கைபேசியில் அதை இயக்கலாம். வசதிதான். ஆனால் நீங்கள் நுழையும் அதே கதவை உலகில் யார் வேண்டுமானாலும் தட்டலாம்.

தட்டவும் செய்வார்கள். சர்வர் இணையத்துக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே, தானாக இயங்கும் நிரல்கள் ‘ரூட்’ என்ற பயனர் பெயரில் எளிய கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். ‘நம்ம கடை சின்னதுதானே’ என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டன. கணினிச் சேவை முடங்கியதால் நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தொடக்க அமைப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதே நமக்கான பாடம்.

கடவுச்சொல் வேண்டாம், சாவி போதும்

தொலைவிலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் நுழையப் பயன்படுவது எஸ்எஸ்எச். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன்பின் டாட்டு இலோனன் என்பவர் உருவாக்கியதுதான் இது. இதில் கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு ஜோடிச் சாவி வைத்துக்கொள்ளலாம். பொதுச் சாவி சர்வரில் மாட்டும் பூட்டு மாதிரி. யார் பார்த்தாலும் பரவாயில்லை. தனிச் சாவி உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

1. உபுண்டு போன்ற லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் வேலையாக எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவுங்கள்.

2. ரூட் கணக்கிலேயே வேலை பார்க்காதீர்கள். உங்களுக்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, அதற்கு ‘சூடோ’ அனுமதி கொடுங்கள்.

3. ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, அதில் ஓப்பன்எஸ்எஸ்எச் தொகுப்பை நிறுவுங்கள். ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையால் சாவி உருவாக்குங்கள். சாவிக்கு ஒரு ரகசியச் சொல்லும் வையுங்கள். போன் தொலைந்தாலும் எடுத்தவரால் உடனே பயன்படுத்த முடியாது.

4. பொதுச் சாவியைப் புதிய பயனர் கணக்கில் சேர்த்து, சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டுமே எஸ்எஸ்எச் அமைப்பில் ரூட் நுழைவையும் கடவுச்சொல் நுழைவையும் நிறுத்துங்கள்.

5. ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சுக்கான 22, இணையதளத்துக்கான 80, 443 ஆகிய வழிகளை முதலில் அனுமதியுங்கள். பிறகு ஃபயர்வாலை இயக்குங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே மாட்டிக்கொள்வீர்கள்!

6. தரவுகளின் நகலை வேறொரு இடத்தில் வையுங்கள். அந்த நகலைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பலர் சறுக்கும் இடம்

அமைப்பை மாற்றியதும் ‘முடிஞ்சுது’ன்னு இணைப்பை மூடிவிடாதீர்கள். பழைய இணைப்பு திறந்தே இருக்கட்டும். இன்னொரு திரையில் புதிதாக நுழைந்து பாருங்கள். சாவி இல்லாமலும் முயன்று பாருங்கள். சர்வர் மறுக்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால்தான் வேலை முடிந்தது. ஏதாவது தவறிவிட்டால் பழைய இணைப்பு வழியாகவே சரிசெய்துகொள்ளலாம்.

சர்வர் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைநிலை அணுகல் என்பது உங்கள் கைபேசிக்கும் பொருந்தும். ‘வங்கியிலிருந்து பேசுறேன், இந்தச் செயலியைப் போடுங்க, சரி பண்ணித் தர்றேன்’ என்று யாராவது அழைத்தால், அவர் கேட்பது உங்கள் வீட்டுச் சாவியை. கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மற்றவர்களின் எண்ணும் முகவரியும் உங்களிடம் இருக்கிறது என்றால், அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது. புது சர்வரில் முதல் தகவலை ஏற்றும் முன் பூட்டைப் போட்டுவிடுங்கள்.