மோவாயில் அடி, காதோரத்தில் முறிவு

ஓடி விளையாடும் குழந்தை தடுக்கி விழுந்து மோவாய் கிழிந்தால், பக்கத்து கிளினிக்கில் நாலு தையல், ஒரு டி.டி. ஊசி. தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுகிறோம். காதுக்கு முன்னால் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கீழ்த்தாடை லாடம் போல வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டுக் குழியில் பொருந்தியிருக்கின்றன. மோவாயில் விழும் அடி எலும்பு வழியே மேலேறி, மூட்டுத் தலைக்குக் கீழுள்ள மெலிந்த கழுத்தை முறித்துவிடலாம். வாயைத் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா, கடைவாய்ப் பல் முட்டியும் முன்பற்கள் சேராமல் நிற்கின்றனவா, காதுத் துவாரத்தில் ரத்தம் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மோவாய்க்குத் தையல் போடும் ஒவ்வொரு இடத்திலும் குழந்தையை ஒருமுறை வாய் திறந்து மூடச் சொல்ல வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது.

முறிவு என்றதும் பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. கை முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைப்போம். இந்த மூட்டுக்கு அது ஆகாது. பெரியவர்களுக்குத் தாடையின் மற்ற இடங்களில் முறிந்தால் பற்களைக் கம்பியால் கட்டி 4 முதல் 6 வாரம் வைப்பதுண்டு. குழந்தையின் மூட்டு முறிவில், பல் கடி மாறியிருந்தாலும் 7 முதல் 10 நாள்தான் கட்டு. பிறகு கஞ்சி, குழைந்த சோறு, கூடவே வாய் திறக்கும் பயிற்சி. வளரும் எலும்பு மெல்ல மெல்லத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. மூட்டுக்குள் கசிந்த ரத்தம் இறுகி எலும்பாகி, தாடை மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளலாம். இதற்கு அங்கைலோசிஸ் என்று பெயர். வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். கீழ்த்தாடை வளராமல் மோவாய் உள்வாங்கும். நாக்கு பின்னால் தள்ளப்பட்டுக் குறட்டையும், தூக்கத்தில் மூச்சடைப்பும் வரும். இதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரும் பாடு: வாய் வழியே குழாய் இறக்க முடியாததால், வளையும் கேமராக் குழாயை மூக்கு வழியே செலுத்துவார்கள்.

ஆபரேஷனில் ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்குகிறார்கள். விலா எலும்பில் ஒரு துண்டைக் குருத்தெலும்பு நுனியோடு எடுத்துப் புது மூட்டாகப் பொருத்துவதும் உண்டு. குழந்தையோடு சேர்ந்து அதுவும் வளரக்கூடியது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகான மாதங்கள்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. வாய் திறக்கும் பயிற்சிக்காகக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலிக்கும், குழந்தை அழும். மனம் இளகிப் பெற்றோர் பாதியில் நிறுத்திவிட்டால் மூட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.