சூப் வாங்கப் போகிறீர்களா? தூக்கு எடுத்துப் போங்கள்

மார்கழிப் பனி இறங்கினால் அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட் பக்கமும் பொழுது சாயும்போதே சூப் வண்டிகள் வந்து நின்றுவிடும். சளி பிடித்த பிள்ளைக்கென்று பார்சல் கேட்டால், கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். அந்தக் கவரை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் சூப்பில் இறங்கும். எவர்சில்வர் தூக்கை நீட்டினால் வண்டிக்காரருக்கும் கவர் செலவு மிச்சம்.

வீட்டிலேயே வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவி, மண் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, ஒரு பிடி பாசிப்பருப்போடு குக்கரில் குழைய வேகவையுங்கள். கீரையைக் கடைசியில் போட்டு ஒரு கொதி விட்டு, மிளகு சீரகம் பொடித்துத் தூவினால் போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வடிகட்டாதீர்கள். சத்தெல்லாம் சக்கையில் போய்விட்டு, பிள்ளைக்கு வெறும் மிளகுத் தண்ணீர்தான் மிஞ்சும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை வைக்கிற ஆட்டுக்கால் சூப்பில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கொதியில் கிருமி சாகும், அதன் வித்துகள் சில தப்பிக்கும். பெரிய பாத்திரத்தில் மூடி, ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் விட்டால், வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகும். மறுநாள் வயிற்றுப்போக்குக்கு அதுவே காரணம். இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுத்தால் தளதளவென்று கொதிக்கவிட்டே குடியுங்கள்.

பாக்கெட் சூப் வாங்கினால் பின்பக்கம் சோடியம் அளவைப் பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பிரஷர்காரர் இருந்தால் இந்தக் கணக்கு அவசியம்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி தள்ளுவண்டிக்கும் பதிவு வேண்டும். பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி நீங்களே ஆய்வுக்குக் கொடுக்கலாம். அந்த உரிமையை 40-ஆம் பிரிவு தருகிறது. சட்டமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கெட்டுப்போன உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பணத்தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நேரில் போவதானால், அம்பத்தூர் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம் என்பதை நினைவில் வைத்தால் வீண் அலைச்சல் இல்லை. பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

சூப் சளியின் அவதியைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். குழந்தை மேல் சூடான சூப் கொட்டிவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவவேண்டாம். காயம் பெரிதென்றால் உடனே 108. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.