வெற்றிலைச் சுண்ணாம்பும் ஜார்ஜ்டவுன் சுவர்களும்

பினாங்கு என்ற பெயரே பாக்கிலிருந்து வந்தது. மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. பாக்கு இருந்தால் வெற்றிலை இருக்கும், வெற்றிலை இருந்தால் சுண்ணாம்பும் இருக்கும். ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் பெட்டிக்கடைக்காரர் வெற்றிலையில் விரல் நுனியால் தடவுகிற அந்த வெள்ளைப் பொருள்தான், அவருக்குப் பின்னால் நிற்கும் நூறாண்டுக் கடைவீட்டின் செங்கற்களையும் பிடித்து வைத்திருக்கிறது. அதை மறந்துவிட்டுச் செய்யப்படும் ‘புதுப்பிப்பு’ பல வீடுகளை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கிறது. எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

அடுத்த முறை பினாங்கு ஸ்ட்ரீட்டிலோ சூலியா ஸ்ட்ரீட்டிலோ அஞ்சடியில் நடக்கும்போது, கடைப் பலகைகளை விட்டுவிட்டுச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்திருக்கும். சில இடங்களில் பூச்சு பாளம் பாளமாக விழுந்திருக்கும். வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது பூஞ்சை அல்ல, உப்பு. வேடிக்கை என்னவென்றால், பல ஆண்டுகளாகக் கைவைக்காத வீட்டைவிட, அண்மையில் சிமெண்ட் பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்த வீட்டில்தான் இந்த நோய் பல வேளைகளில் மோசமாக இருக்கும்.

காரணம் தரைக்குள் இருக்கிறது. இக்காலக் கட்டடங்களில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தடுப்புப் படலம் வைக்கிறார்கள். பழைய கடைவீடுகளில் அது கிடையாது. கையால் அறுத்துச் சுட்ட அந்தச் செங்கற்கள் மென்மையானவை, நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் செங்கல் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கிறது. பாடநூலில் இதை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்கள். ஜார்ஜ்டவுன் கடலோர நகரம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்படியானால் இந்தச் சுவர்கள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தன? ஏறிய ஈரம் ஏறிய வேகத்திலேயே வெளியேறியது, அவ்வளவுதான். சுண்ணாம்புப் பூச்சுக்கும் நுண்துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியாக மேற்பரப்புக்கு வந்து காற்றில் ஆவியாகும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். என் வகுப்பில் மாணவர்களுக்குப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. ஒரே மாதிரியான இரண்டு செங்கற்களை ஒரு தட்டில் நிறுத்தி, இரண்டு விரல் உயரத்துக்கு உப்புநீர் ஊற்றுங்கள். நீர் குறையும்போது ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு கல்லை அப்படியே விடுங்கள். மற்றதின் நான்கு பக்கத்தையும், மேலே கொஞ்சம் விட்டு, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். சுற்றிய கல்லில் ஈரம் பக்கவாட்டில் வெளியேற முடியாமல் மேலும் மேலும் ஏறி, நாடா முடிகிற இடத்தில் எட்டிப் பார்க்கும். சில நாள்களில் அங்கே உப்பும் பூக்கும்.

அந்த நாடா செய்கிற வேலையைத்தான் சிமெண்டும் செய்கிறது. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், கான்கிரீட் கட்டடத்துக்கு அருமையான பொருள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது அடர்த்தியானது, கடினமானது. மென்மையான பழஞ்செங்கல் மேல் அதைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. இடுப்பு உயரத்தில் நின்றிருந்த ஈரம் தோள் உயரத்துக்கு ஏறுகிறது. மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் நுனிகள் சுவருக்குள்தான் புதைந்திருக்கின்றன. சுவர் ஓயாமல் நனைந்தால் அவை உளுத்துப் போகும், கறையானும் வரும்.

உப்பு இன்னும் பொல்லாதது. ஈரத்தில் கரைந்து வரும் உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகும். படிகம் வளரும்போது சுற்றியுள்ள துளைச் சுவரை நெருக்கித் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சில் அந்தப் படிகம் பூச்சுக்குள்ளோ மேற்பரப்பிலோ உருவாகும். உதிர்வது பூச்சு, பிழைப்பது செங்கல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினாலோ படிகம் பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்தில் உருவாகிறது. ஒரு நாள் சிமெண்ட் பாளம் விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அதைச் சரிசெய்ய மறுபடியும் சிமெண்ட் பூசுவார்கள்!

சுண்ணாம்பின் வேதியியலும் அழகானது. கிளிஞ்சல், பவளப்பாறை, சுண்ணாம்புக்கல் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால், 100 கிலோ கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் பூசியதும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. ஆனால் அவசரப்படுத்த முடியாது. மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒவ்வொன்றையும் ஈரம் காத்து ஆறவிட வேண்டும். நாள்கள் அல்ல, வாரங்களும் மாதங்களும் ஆகும்.

இந்தக் கலையில் நம் முன்னோருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘சுனம்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே நம் சுண்ணாம்பின் திரிபுதான். 1850களில் தொடங்கி இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு ‘மெட்ராஸ் சுனம்’ பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை அதன் சேர்மானம். சர்க்கரையைச் சேர்த்தது சும்மா அல்ல. சர்க்கரை கரைந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். கலவையும் குழைவாக வரும்.

இனி வீட்டிலிருந்து தெருவுக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் குறைவாக வைத்திருந்தது. அதனால் சாதாரணக் குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் நகர நடுவில் வாழ முடிந்தது. மறுபக்கம், கிடைக்கும் வாடகையில் பழுதுபார்க்கப் பல உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. 1997இல் சட்டம் நீக்கப்பட்டு, மாற்றக் காலம் முடிந்து 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை ஏறியது. பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்பு வளையத்தையும் சேர்த்து ஏறத்தாழ 259 ஹெக்டர் பரப்பு. அதன்பின் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின.

ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன நேரும்? கடைவீட்டின் நடுவில் வானம் பார்த்த ஒரு முற்றம் இருக்கும். உள்ளே சூடாகும் காற்று அதன் வழியே மேலேறும். அஞ்சடிப் பக்கத்துச் சாளரங்கள் வழியே புதுக்காற்று நுழையும். இந்தக் காற்றோட்டம்தான் சுவரை உலர்த்துகிறது. காலையில் சாளரத்தைத் திறப்பதற்கும், நழுவிய ஓட்டைச் சரிசெய்வதற்கும், அடைத்த கால்வாயில் குப்பையை அள்ளுவதற்கும், பறவை எச்சத்தில் வந்து சுவர் விரிசலில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்குவதற்கும் வீட்டில் ஆள் வேண்டும். காலியான சில வீடுகளில் சாளரங்களை அடைத்து, பறவைக்கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். அந்தப் பறவைக்குப் பிடித்த இருட்டும் ஈரமும் சுவருக்கு எமன். பாரம்பரியப் பகுதியிலிருந்து இவற்றை அகற்ற மாநில அரசு 2013 இறுதியைக் கெடுவாக வைத்தது.

முற்றத்துக்குக் கூரை போட்டுக் குளிர்சாதனம் வைக்கும் விடுதியிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது: காற்றோட்டம் நின்றுவிடும், குளிர்ந்த சுவரில் நீராவி படியும். யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பல பண்பாடுகள் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது. குடியிருப்போர் போய்விட்டால் அந்தக் காரணம் என்னாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பணம்தான் முட்டுக்கட்டை. சுண்ணாம்பு வேலைக்கு நாள் கூடுதல், பழகிய கொத்தனாரும் தேவை. சிமெண்டோ எந்த வன்பொருள் கடையிலும் மூட்டையில் கிடைக்கும். கசானா நேஷனல் 2009இல் உருவாக்கிய திங்க் சிட்டி நிறுவனம், உரிமையாளர்களுக்குப் பழுதுபார்ப்பு மானியம் வழங்கியது. முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க லெய்த் ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற சியோங் ஃபாட் சீ மாளிகையின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்த நீலம். ஆனால் அது செல்வந்தரின் மாளிகை. வாடகைக்கு இருக்கும் பூக்கடைக்காரருக்கு இந்த அறிவும் உதவியும் எட்டும்போதுதான் அதைப் புதுப்பிப்பு என்று நான் ஒப்புக்கொள்வேன்.

உங்கள் வீடோ கடையோ அப்படிப்பட்ட பழைய கட்டடம் என்றால், முதலில் கூரைநீர்க் குழாயும் வாசல் கால்வாயும் ஒழுகாமல், அடைக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி ஈரம் அங்கிருந்துதான் வரும். பாரம்பரியப் பகுதியில் பெரிய வேலை எதற்கும் மாநகராட்சி அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம். கொத்தனாரை அழைக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: சுவரில் உலர்ந்த இடமாகப் பார்த்துச் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் சுவருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. முத்து முத்தாக உருண்டு ஓடினால், மேலே இருப்பது பிளாஸ்டிக் பெயிண்ட். உள்ளே ஈரம் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.