உடம்பில் ஒட்டினால் ஊமையாகும் ஆன்டெனா

இதய நோயாளியின் மார்பில் ஒரு பட்டையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருத்துவமனையில் இருந்தபடியே துடிப்பைக் கவனிக்க முடிகிறது. பட்டை அளந்ததை ப்ளூடூத் வழியே செல்போன் வாங்கி, இணையத்தில் ஏற்றுகிறது. இந்தச் சங்கிலியில் வலுவில்லாத கண்ணி, பட்டைக்குள் இருக்கும் ஆன்டெனாதான். வளையும்படி அதைச் செய்வது பாதி வேலை. உடம்பின் மேல் இருந்தும் அது பேச வேண்டும். அதுதான் கடினமான பாதி.

உடம்பு என்ன செய்கிறது?

ப்ளூடூத் இயங்குவது 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய அலைவரிசைப் பட்டையில். அங்கே அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; ஆன்டெனா பெரும்பாலும் அதில் பாதியோ காலோ நீளத்துக்கு வெட்டப்படுகிறது. வீணைத் தந்தியைப் போல, நீளத்துக்கு ஏற்ற சுருதி.

தோலருகே வந்ததும் அந்தச் சுருதி கலைகிறது. ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன், காற்றுக்கு 1. உலர்ந்த துணிக்குப் பெரும்பாலும் 2-க்குள். நீர் நிறைந்த தசைக்கோ இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 53. அதனால் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அதன் சுருதி, கீழே இறங்கி, ப்ளூடூத்தின் அலைவரிசைப் பட்டையை விட்டே விலகிவிடலாம். போதாததற்கு, அனுப்பிய ஆற்றலில் ஒரு பங்கைத் தசை உறிஞ்சி வெப்பமாக்குகிறது.

தடுப்பது எப்படி?

ஒரு வழி இது: சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபெல்ட் துணி. அதன் மேல் சுமார் 5 செ.மீ. நீளத்தில் செம்பு பூசிய நைலான் துண்டு. அடியில், தோலைப் பார்த்தபடி, அதைவிட அகலமான இன்னொரு செம்புத் துணி. இந்த அடித்துணி உடம்பை மறைக்க, அலை வெளிப்பக்கமாகவே போகிறது. ஆனால் நடுவிலுள்ள ஃபெல்ட் மெலிந்தால் ஆன்டெனா வேலை செய்யும் அலைவரிசை அகலமும் சுருங்கும்; தடித்தால் நோயாளிக்கு உறுத்தும். இந்த இழுபறியில்தான் வடிவமைப்பாளரின் நேரம் போகிறது.

பொருளுக்குப் பொருள் குறை உண்டு. செம்புத் தகடு மடங்கி மடங்கி விரிசல் விடும். வெள்ளி மையில் அச்சிட்டது, இழுபடும்போது மின்தடை கூடும். மின்கடத்தும் நூலால் தைத்தால், தையல் மின்னோட்டம் ஓடும் திசையிலேயே போக வேண்டும். குறுக்கே போனால் இழப்பு. வியர்வையும் விடாது: நீரின் விடுதிறன் 80-ஐ ஒட்டியது என்பதால் நனைந்த துணி மறுபடி சுருதியைக் கலைக்கும். எனவேதான் நீரை அதிகம் உறிஞ்சாத சிலிக்கோனும் பாலிஇமைடு படலமும் நாடப்படுகின்றன.

பொருத்தும் திசையும் முக்கியம். அலைநீளத்தைப் பார்த்து வெட்டிய பக்கம் வளைந்தால் ஒத்ததிர்வு அதிகம் நகரும். கையில் கட்டும்போது அந்தப் பக்கத்தைக் கையின் நீளவாக்கில் வைத்தால், வளைவு அகலத்தோடு போய்விடும்.

பாதுகாப்பா?

உடல் திசு உறிஞ்சும் ஆற்றலுக்கு, செல்போன்களுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியாக கிலோவுக்கு 1.6 வாட். குறைந்த ஆற்றல் ப்ளூடூத் அனுப்புவது பெரும்பாலும் சில மில்லிவாட்தான் என்பதால், வரம்புக்குள் நிற்பது இங்கே பெரும் சவால் அல்ல. வீணாகும் ஆற்றல் பேட்டரியைத் தின்பதே பெரிய கவலை.

ஆகவே இத்தகைய கருவியை வாங்கும் மருத்துவமனைகள், ‘பத்து மீட்டர் எட்டும்’ என்ற விளம்பரத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் தூரம் மேசை மேல் வைத்து அளந்ததா, வியர்த்த, வளைந்த உடம்பின் மேல் அளந்ததா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.