சங்கத்தின் பெயர் தாங்கும் புட்டி

பண்டிகைக் காலத்தில் வாடிக்கையாளர்க்குச் சிறு அன்பளிப்பு வழங்குவது வாணிப உலகின் நெடுநாள் வழக்கம். நாட்காட்டி, நாட்குறிப்பு, துணிப்பை ஆகியவற்றின் வரிசையில், 2020-ஆம் ஆண்டின் கொரோனா தொற்றுக்குப் பின்னர், ஸ்தாபனத்தின் பெயர் பொறித்த சானிடைசர் என்னும் கைக் கிருமிநாசினிப் புட்டியும் சேர்ந்துகொண்டது. அது கைக்கு அடக்கமானது, விலையும் குறைவு, எடுக்குந்தோறும் கொடுத்தவர் பெயர் கண்ணிற் படும். ஆகவே, நமது சங்கங்களுள் சிலவும் இதனை வாங்க முற்படுதல் இயல்பே. ஆயின், நாட்காட்டியில் பிழை நேர்ந்தால் தேதி மட்டுமே தவறும். இப்புட்டியில் பிழை நேர்ந்தால் உடலுக்கே தீங்கு விளையும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வின் பொருட்டு ஒரு விவசாயச் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அங்கு மகாசபையன்று அங்கத்தினர்களுக்கு 300 புட்டிகள் வழங்கப்பட்டிருந்தன. கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. குறைந்த விலை குறித்தவரிடமே வாங்கியிருந்தனர். கணக்கில் குறையில்லை. எஞ்சிய புட்டி ஒன்றை எடுத்து நோக்கினேன். தயாரிப்பாளரின் உரிம எண் இல்லை. ஆல்கஹாலின் அளவும் இல்லை. சங்கத்தின் பெயரோ, உள்ளிருந்த திரவம் கசிந்து மை கரைந்து, பாதி அழிந்து கிடந்தது.

அவ்வமயம் அங்கு வந்த முதிய அங்கத்தினர் ஒருவர், "சங்கம் கொடுத்த இந்த மருந்து நல்ல உபயோகம், ஐயா! வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு, இதில் இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டுதான் சோறு உண்கிறேன்" என்று நன்றியோடு கூறினார். நான் திடுக்கிட்டேன். அவர் நம்பியது புட்டியை அன்று. அதன்மேல் இருந்த சங்கத்தின் பெயரை. சோப்பும் நீரும் கொண்டு கழுவிய பின்னரே உண்ண வேண்டும் என்று அவருக்கு எடுத்துரைத்தேன். அதனை அறிவிப்புப் பலகையில் எழுதுமாறு காரியதரிசியிடமும் கூறினேன்.

கிருமிநாசினியின் தன்மையை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம். ஆல்கஹால் கிருமிகளின் புரதத்தைச் சிதைத்து அவற்றை அழிக்கிறது. அதற்குச் சிறிது நீரும் துணை வேண்டும். ஆதலால் நூற்றுக்கு 60 பங்கிற்குக் குறைந்தாலும் பயன் குன்றும். கலப்பற்ற ஆல்கஹாலாக இருந்தாலும் பயன் குன்றும். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறைகளுள் ஒன்றில் எத்தில் ஆல்கஹால் 80 சதவீதமும், கிளிசரின் 1.45 சதவீதமும் உள்ளன. கிளிசரின் தோல் வறண்டு போகாமல் காப்பது. கை சொரசொரத்தால் பட்டிழை சிக்கும் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்த கையில் இது சரிவர வேலை செய்யாது. பூச்சிமருந்தை இது அகற்றாது. ஆல்கஹால் ஆவியாகிப் போகும். நஞ்சு கையிலேயே தங்கிவிடும்.

வாங்குமுன் நிர்வாகக் குழுவினர் கவனிக்க வேண்டியவை சில உள. இந்தியாவில் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியைத் தயாரிக்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜூலையில் விலக்களிக்கப்பட்டது விற்பனைக்கும் இருப்பு வைப்பதற்குமேயன்றித் தயாரிப்புக்கு அன்று. ஆகவே உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், ஆல்கஹாலின் பெயரும் அளவும் புட்டியின்மேல் தெளிவாக இருத்தல் வேண்டும். சங்கத்தின் பெயர்ச்சீட்டு இவற்றை மறைத்தலாகாது. திரவம் பட்டாலும் மை கரையாத சீட்டாகவும், கசியாத மூடியாகவும் உள்ளனவா என்பதை, ஒரு மாதிரிப் புட்டியைச் சில நாட்கள் கவிழ்த்து வைத்துச் சோதித்த பின்னரே ஆணை வழங்குதல் நலம்.

மலிவு விலைக்கு மயங்குவதில் பேரபாயமும் உண்டு. மெத்தில் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினிகள் பற்றி 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்தது. அது கண்ணொளியையும் உயிரையும் பறிக்கவல்லது. நல்ல சரக்கும் குடிப்பதற்குரியது அன்று. அதே ஆண்டு ஜூலை இறுதியில் ஆந்திர மாநிலம் பிரகாசம் மாவட்டத்தில், மதுவுக்குப் பதிலாகக் கிருமிநாசினியைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். குழந்தைகளுக்கு எட்டாமலும், தீயருகில் வையாமலும் காக்கவேண்டும் என்ற எச்சரிக்கை தமிழிலேயே அச்சாகியிருக்க வேண்டும். நூலும் பாவும் நிறைந்த தறிக்கூடத்தில் ஒரு பொறியே போதுமன்றோ?

இனி, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் சிந்திக்க வேண்டும். நெசவாளர் சங்கத்தின் விற்பனை நிலையத்திற்கு வரும் நகரத்து வாடிக்கையாளர் பயணத்தில் தண்ணீர் இல்லாவிடத்து இப்புட்டியால் பயன்பெறுவார். வங்கியிலும் அலுவலகத்திலும் இருப்போர்க்கும் ஏற்றதே. வயலில் சேறும் மருந்தும் படிந்த கையோடு நிற்கும் அங்கத்தினருக்கு அது ஏற்றதன்று. அவருக்கு வேண்டியது ஒரு சோப்பும், ஈரம் துடைக்க ஒரு துண்டும் ஆகும். அத்துண்டை அருகிலுள்ள நெசவாளர் சங்கத்தில் வாங்கி, ஓரத்தில் சங்கத்தின் பெயரை நெய்து தரச் செய்யலாம். கூட்டுறவு ஸ்தாபனங்கள் தமக்குள் ஒத்துழைத்தல் என்பது 1966-இல் சர்வதேசக் கூட்டுறவு இணையம் ஏற்ற கொள்கைகளுள் ஒன்று. அது மாநாட்டுத் தீர்மானத்தோடு நின்றுவிடாமல், ஒரு துண்டின் வாயிலாக இரு கிராமங்களை இணைக்கட்டும்.

அங்கத்தினர்களே! அடுத்த மகாசபையில் அன்பளிப்புச் செலவு முன்வைக்கப்படும்போது, "விலை என்ன?" என்று கேட்பதோடு அமையாதீர்கள். "உள்ளே இருப்பது என்ன? இது யாருக்குப் பயன்படும்?" என்றும் கேளுங்கள். சங்கத்தின் பெயர் எதன்மேல் இருக்கிறதோ, அதற்குச் சங்கம் பிணை நிற்கிறது என்றே உறுப்பினர் கருதுவார்.