வேலூர் டு ஆம்பூர் தினமும் 100 கி.மீ.: கார் வாங்கலாமா? எந்தச் சம்பளத்துக்கு எந்தக் கார்?



"சார், கைக்கு வர்ற சம்பளம் 45,000. வீடு வேலூர், வேலை ஆம்பூர் ஷூ கம்பெனியில. கார் எடுக்கலாமா? லீவு நாள்ல ஏலகிரியும் போகணும். எந்த மாடல் நல்லது?"

ஊர் பெயர் மட்டும் மாறி மாறி இந்தக் கேள்வி வந்துகிட்டே இருக்கு. ஒருத்தர் ராணிப்பேட்டை சிப்காட்னு சொல்வார், இன்னொருத்தர் வாணியம்பாடின்னு சொல்வார். மாடல் பெயரைச் சொல்ல யூடியூப்ல நிறைய பேர் இருக்காங்க. நான் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுறேன். மாடலை அதுவே சொல்லிடும்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். இந்தக் கேள்விக்குள்ள இரண்டு வேற வேற கார் இருக்கு. ஒண்ணு, வருஷத்துல 300 நாள் ஹைவேல ஓட வேண்டிய கார். இன்னொண்ணு, மாசத்துக்கு ஒரு தடவை மலை ஏறப் போற கார். ஷோரூம்ல நம்ம மனசு இரண்டாவது காரைத்தான் பார்க்கும். பர்ஸைக் காலி பண்றது முதல் கார்.

இஎம்ஐ மட்டும் செலவு இல்லை

ஆன்-ரோடு 8 லட்சம் ரூபாய்க்கு ஒரு சின்ன பெட்ரோல் கார்னு வச்சுக்குவோம். 2 லட்சம் கையில இருந்து, 6 லட்சம் கடன். வட்டி 9 சதவீதம், 5 வருஷம். வேலூர்ல இருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கி.மீ. போக வர 100. மாசம் 25 நாள்னா 2,500 கி.மீ.

- இஎம்ஐ: 12,455 ரூபாய்
- பெட்ரோல், லிட்டருக்கு 18 கி.மீ., விலை 100 ரூபாய்னு வச்சா: 13,900 ரூபாய்
- டோல்: 750 ரூபாய்
- சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர், எல்லாம் சேர்த்து மாசக் கணக்குல: சுமார் 4,330 ரூபாய்

மொத்தம் 31,400 ரூபாயைத் தாண்டுது. 45,000 சம்பளத்துல இது 70 சதவீதம்! கவனிச்சீங்களா, இஎம்ஐயை விட பெட்ரோல் அதிகம். "இஎம்ஐ 12,000 தானே, சமாளிச்சுடலாம்"னு இறங்குறவங்க மாட்டிக்கிற இடம் இதுதான்.

டோல் கணக்குல ஒரு சின்ன விஷயம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவுல பள்ளிகொண்டா டோல்கேட் இருக்கு. ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானப்போ 3,000 ரூபாய்க்கு 200 பயணம் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. வருஷ பாஸ்னு பேர், ஆனா தினமும் போக வர இரண்டு தடவை கடந்தா 200 பயணம் நாலே மாசத்துல தீர்ந்துடும். அதனால வருஷத்துக்கு மூணு பாஸ், 9,000 ரூபாய்னு போட்டிருக்கேன். உங்க வீடு டோல்கேட்டில் இருந்து 20 கி.மீ.க்குள்ள இருந்தா, உள்ளூர்வாசிகளுக்கான மாதாந்திர பாஸ் இருக்கு. சில நூறு ரூபாய்தான். அதைக் கேட்டுப் பாருங்க.

"7 வருஷம் போட்டா இஎம்ஐ குறையுமே?"

குறையும். அதே 6 லட்சத்துக்கு 9,653 ரூபாய் ஆகும். ஆனா மொத்த வட்டி 1.47 லட்சத்தில் இருந்து 2.11 லட்சமா ஏறும். அதை விடப் பெரிய பிரச்சனை கி.மீ. மீட்டர்ல இருக்கு. வருஷம் 30,000 கி.மீ. ஓட்டினா, ஏழாவது வருஷம் முடியும்போது 2,10,000 கி.மீ. வண்டி ஓடிக் களைச்ச பிறகும் இஎம்ஐ ஓடிட்டே இருக்கும். நடுவுல விற்கலாம்னு பார்த்தா, மீட்டரைப் பார்த்துட்டு சொல்ற விலை கடன் பாக்கிக்கே பத்தாம போகலாம். நிறைய ஓட்டறவங்களுக்கு 5 வருஷம்தான் எல்லை.

மூணு வழி, மூணு சம்பளம்

என்னோட விதி எளிமையானது. காருக்கு ஆகிற எல்லா செலவும் சேர்த்து, கைக்கு வர்ற சம்பளத்துல 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இஎம்ஐ மட்டும் இல்ல, எல்லா செலவும்.

வழி 1: தனியா தினமும் கார்ல போறது. செலவு 31,400. இதுக்குக் கைக்கு வர்ற சம்பளம் சுமார் 1,05,000 ரூபாய் இருக்கணும்.

வழி 2: கூட வேலை செய்ற மூணு பேரோட பகிர்ந்துக்கிறது. பெட்ரோலும் டோலும் நாலாப் பிரியும். உங்க பங்கு 3,660. இஎம்ஐ, பராமரிப்பு சேர்த்தா சுமார் 20,450. இதுக்கு 68,000 சம்பளம் வேணும். ஒரு எச்சரிக்கை: செலவைப் பங்கு போடுறது வேற, லாபம் வச்சு ஆள் ஏத்துறது வேற. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினா சட்டப்படி தப்பு. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

வழி 3: வேலைக்கு ரயில் அல்லது கம்பெனி பஸ், காரை மத்த நாளுக்கு வச்சுக்கிறது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் ஒரே ரயில் பாதையில இருக்கு. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்துல இருந்து கிளம்பி வந்து நின்னதே நம்ம வாலாஜா ரோடு பக்கம்தான். அந்தப் பாதையை விட்டுட்டு ஹைவேல மாசம் 14,000 ரூபாய் பெட்ரோல் எரிக்கணுமான்னு யோசிங்க. சீசன் டிக்கெட் மாசம் சில நூறு ரூபாய். கம்பெனி பஸ் வர்ற ரூட்டா இருந்தா அதுவும் இல்ல.

இந்த வழியில 4 லட்சத்துக்கு நல்ல பழைய கார் போதும். 2 லட்சம் கையில, 2 லட்சம் கடன், 12 சதவீதம், 3 வருஷம்: இஎம்ஐ 6,643. மாசம் 500 கி.மீ. ஓட்டினா பெட்ரோல் 2,780. பராமரிப்பு 2,500. சீசன் டிக்கெட்டுக்கு 500 போட்டாலும் மொத்தம் 12,400 சுமார். சம்பளம் 42,000 இருந்தா போதும். கேள்வி கேட்ட 45,000 ரூபாய் நண்பருக்கு என் பதில் இதுதான். மூணே வருஷத்துல கடனும் முடிஞ்சுடும்.

ஷிப்மென்ட் நேரத்துல ராத்திரி பத்து மணிக்கு வேலை முடியுது, அப்ப ரயில் இல்லன்னா? அன்னைக்கு மட்டும் காரை எடுங்க. மாசம் நாலு நாள் எடுத்தாலும் பெட்ரோல் 2,200 ரூபாய்தான் கூடும். லாரிகளுக்கு நடுவுல ராத்திரி பைக்ல வர்றதை விட அது நல்ல செலவு.

பெட்ரோலா, சிஎன்ஜியா, எலக்ட்ரிக்கா?

இது பிடிச்ச பிராண்டை வச்சு முடிவு பண்ற விஷயம் இல்ல. நீங்க ஓட்டுற கி.மீ. முடிவு பண்ணும்.

சிஎன்ஜி மாடலுக்கு 90,000 ரூபாய் கூடுதல்னு வைங்க. கிலோவுக்கு 25 கி.மீ., விலை 92 ரூபாய்னா, 2,500 கி.மீ.க்கு 9,200 ஆகும். மாசம் 4,700 மிச்சம். கூடுதலாக் கொடுத்தது 19 மாசத்துல திரும்பிடும். ஆனா மாசம் 500 கி.மீ. ஓட்டுறவருக்கு மிச்சம் 940 தான். அவருக்குத் திரும்பி வர 8 வருஷம்! அதோட சிலிண்டர் டிக்கி இடத்தைச் சாப்பிட்டுடும், டூர் போறப்ப பெட்டி வைக்க இடம் தேடணும்.

எலக்ட்ரிக்ல ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ.னா மாசம் 357 யூனிட். இரண்டு மாச ஈபி பில்லில் 700 யூனிட்டுக்கு மேல கூடும், அது உங்களை மேல் ஸ்லாபுக்குத் தள்ளிடும். அதனால விளம்பரத்துல வர்ற கணக்கை நம்பாம, யூனிட் 10 ரூபாய்னு போடுங்க. அப்பவும் 3,570 ரூபாய்தான். தினம் 100 கி.மீ. ஓட்டுறவருக்கு இது பெரிய மிச்சம். ஆனா சொந்தப் பார்க்கிங்கும் சார்ஜர் போட வீட்டுக்காரர் சம்மதமும் இருந்தா மட்டும்.

10 லட்சம் என்கிற கோடு

ஆடிட்டரா நான் முக்கியமாச் சொல்ல வேண்டியது இது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர்ல இருந்து கார் வாழ்நாள் வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினா 18 சதவீதம். அதுவும் மொத்த விலைக்கும். 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700. 10.1 லட்சம் காருக்கு 1,81,800. விலை 20,000 கூடினா வரி 53,100 கூடுது! "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் வேரியன்ட் சார்"னு சேல்ஸ்மேன் சொல்றப்ப இந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கோங்க.

10 லட்சத்துக்கு மேல டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார். அது உங்க பான் கணக்குல 26ஏஎஸ்ல தெரியும். ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம், விட்டுடாதீங்க.

ஜிஎஸ்டி பக்கம் நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள்ள நீளமும் 1,200 சிசிக்குள்ள பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம்தான். டீசலுக்கு 1,500 சிசி வரை. எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம். மத்த பெரிய கார்களுக்கு 40.

"கார் லோன் வட்டிக்கு வருமான வரியில கழிவு உண்டா?" சம்பளக்காரருக்கு இல்லை. எலக்ட்ரிக் வண்டிக்கு 80இஇபி கழிவு இருந்துச்சு, ஆனா 2023 மார்ச் 31-க்குள்ள அனுமதியான கடனுக்கு மட்டும்.

எந்தச் சம்பளத்தை வச்சு கணக்குப் போடணும்?

ஓவர்டைமும் இன்சென்டிவும் சேர்ந்த மாசத்தை வச்சு இஎம்ஐ முடிவு பண்ணாதீங்க. நம்ம பெல்ட் ஏற்றுமதியை நம்பி இருக்கு. 1996 ஆகஸ்ட்ல, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகள் இயங்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் குறைஞ்சா முதல்ல போறது ஓவர்டைம்தான். பேங்க்காரர் அதுக்காக இஎம்ஐயைக் குறைக்க மாட்டார்.

அதனால, கடந்த 12 மாசத்துல எது ரொம்பக் குறைஞ்ச சம்பள மாசமோ, அந்தத் தொகையை வச்சு 30 சதவீதம் பாருங்க. 6 மாச இஎம்ஐ தனியா பேங்க்ல இருக்கட்டும். தீபாவளி போனஸை டவுன் பேமென்ட்டுக்குப் போடுங்க, கார் ஆக்சசரீஸுக்கு வேண்டாம்.

எதுக்குக் காசு கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்?

ஹைவேக்கும் மலைக்கும் சேர்த்துப் பயன்படுறது பாதுகாப்பு. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு இருக்கு. புது கார்னா அதைப் பாருங்க. வண்டி வழுக்காம பிடிக்கிற இஎஸ்சி, நல்ல டயர், நல்ல ஹெட்லைட், வேலூர் வெயிலைத் தாங்குற ஏசி, இதுக்கெல்லாம் தாராளமாக் கொடுங்க.

சன்ரூஃப் வேண்டாம். ஏப்ரல், மே மாசத்துல நம்ம ஊர்ல அதைத் திறந்து என்ன பண்ணப் போறீங்க? அப்புறம் "லெதர் சீட்". நம்ம விலைக் கார்கள்ல வர்றது பெரும்பாலும் லெதரெட், அதாவது துணி மேல பியூ அல்லது பிவிசி பூசின ரெக்சின். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர் விரலால தொட்டே சொல்லிடுவீங்க. தோல் ஊர்க்காரர் ரெக்சினுக்கு ஏன் பல ஆயிரம் கூடக் கொடுக்கணும்?

சரி, மலைக்கு சின்ன கார் போதுமா?

தாராளமாப் போதும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. பொன்னேரியில இருந்து ஏறினா, வளைவுக்கு வளைவு வள்ளல்கள், புலவர்கள் பேரைப் படிச்சுக்கிட்டே போகலாம். 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டாவது கியர்ல அலுங்காம ஏறும், நெருக்கமான வளைவுல முதல் கியர். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா சூடாகிப் பிடிக்காமப் போயிடும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

கூட்டம் வேண்டாம்னா வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை. காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைனு பாப்பு வானாய்வகம் அந்தப் பாதையிலதான் இருக்கு. ராத்திரி அந்தப் பக்கம் போனா ஹைபீம் போடாதீங்க, அவங்க வேலையே இருட்டை நம்பி நடக்குது.

வேலூர்ல இருந்து ஏலகிரி போய் வர சுமார் 190 கி.மீ. பெட்ரோல் 1,200 ரூபாய். மாசம் ஒரு தடவை போனாலும் வருஷத்துக்கு 14,400. அதாவது, தினமும் தனியா ஆம்பூர் போற ஏறக்குறைய ஒரே மாச பெட்ரோல் காசுல ஒரு வருஷம் மலைக்குப் போகலாம்! காரை ரசிக்கிறது செலவே இல்ல. ரசிக்காம டோல்கேட்ல நிக்கிறதுதான் செலவு.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு எண் எழுதுங்க: மாசம் எத்தனை கி.மீ., குறைஞ்ச மாசச் சம்பளம், அதுல 30 சதவீதம், 6 மாச இஎம்ஐ கையிருப்பு. நாலும் பொருந்தினா சந்தோஷமா சாவியை வாங்குங்க. பொருந்தலைன்னா இன்னும் ஒரு போனஸ் வரைக்கும் பொறுங்க, ஏலகிரி எங்கேயும் போயிடாது.

உங்க ரூட், கி.மீ., சம்பளம் மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் சிலதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.